வியூவில் வி-மாடல்: கைப்பேசியில் தமிழில் தட்டும்போது சொல் முடியும் வரை தரவு மாறாமல் இருப்பது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் உள்ள ஒரு சிறிய நூலகத்தின் புத்தகப் பட்டியலை வாசகர்கள் இணையத்தில் தேடிப் பார்ப்பதற்காக இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான வியூ 3-இல் ஒரு பக்கம் எழுதிவருகிறேன். பக்கத்தின் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியோடு, பெட்டியையும் தரவையும் இணைக்கும் வி-மாடல் வழியாக ஒரு ரெஃப் (மதிப்பு மாறினால் திரையையும் மாற்றும் மாறி) பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த ரெஃபின் மதிப்பை வைத்து ஒரு கம்ப்யூட்டட் (பிற மதிப்புகளிலிருந்து தானே கணக்கிடப்படும் மதிப்பு), புத்தகத் தலைப்புகளை வடிகட்டிக் கீழே பட்டியலாகத் தருகிறது. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வர வேண்டும் என்பதே நோக்கம்.

மடிக்கணினியில் ஆங்கிலத்தில் தட்டினாலும், இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை அமைப்பில் தமிழில் தட்டினாலும், எதிர்பார்த்தபடியே நடக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் "புதுமை" என்று முழுவதுமாகத் தட்டிய பிறகும் பட்டியல் அசைவதில்லை. இடைவெளி விசையைத் தொட்டாலோ, பெட்டிக்கு வெளியே எங்காவது தொட்டாலோ, அந்தக் கணமே சுருங்கிவிடுகிறது. வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பக்கத்தைத் திறக்கிறார்கள். சொல்லைத் தட்டிவிட்டுக் காத்திருந்து, தேடல் பழுதாகிவிட்டது என்று எண்ணி மூடிவிடுகிறார்கள்.

இதில் எனக்கு விளங்காத இன்னொன்றும் உண்டு. அதே செயலியில் உறுப்பினர் பெயரைத் தேடும் பெட்டியைத் தனிக் காம்பொனென்டாக (மறுபடி பயன்படுத்தக்கூடிய பகுதியாக) எழுதியிருக்கிறேன். அதற்குள் இருக்கும் இன்புட்டில் வி-மாடல் இல்லை. வேல்யூவைப் பிணைத்து, இன்புட் நிகழ்வு வரும்போதெல்லாம் புதிய மதிப்பைத் தாய்க் காம்பொனென்டுக்கு எமிட் செய்கிறேன், அதாவது ஒரு நிகழ்வாக அனுப்புகிறேன். அந்தப் பெட்டி கைப்பேசியிலும் உடனுக்குடன் மாறுகிறது. பயன்படுத்தும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டிலும் எழுதியிருப்பது வி-மாடல்தான். பெட்டியை விட்டு வெளியேறும்போது மட்டும் தரவை மாற்றும் லேசி மாடிஃபையரை எங்கும் பயன்படுத்தவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, இதைச் சரிசெய்யும் முறையான வழி எது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். உங்கள் நிரலில் பழுது ஏதும் இல்லை. வி-மாடல் தெரிந்தே செய்யும் ஒரு செயலைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். உங்கள் இரண்டாவது பெட்டி வேறு விதமாக நடந்துகொள்வதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வேல்யூவைப் பிணைத்து, இன்புட் நிகழ்வில் மதிப்பைத் திரும்பப் பெறுவதற்கான சுருக்க எழுத்துதான் வி-மாடல் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காம்பொனென்டின் மீது எழுதும்போது அந்த விளக்கம் முற்றிலும் சரி: மாடல்வேல்யூ என்ற ப்ராப் (தாய்க் காம்பொனென்ட் தரும் மதிப்பு), அதற்கு ஈடான ஒரு எமிட், அவ்வளவுதான். உலாவியின் சொந்த உள்ளீட்டுப் பெட்டியின் மீது எழுதும்போது அது ஒரு டைரக்டிவ், அதாவது அந்தப் பெட்டியை நேரடியாகக் கையாளும் நிரல், ஆகிவிடுகிறது. அந்த டைரக்டிவ் இன்புட் நிகழ்வோடு, சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான கம்போசிஷனின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்கும் கம்போசிஷன்ஸ்டார்ட், கம்போசிஷன்எண்ட் என்ற வேறு இரண்டு நிகழ்வுகளையும் கவனிக்கிறது. முதலாவது வந்ததும் அந்தப் பெட்டியின் மீது "கம்போசிங்" என்று ஓர் அடையாளத்தை வைக்கிறது. அந்த அடையாளம் இருக்கும் வரை வரும் இன்புட் நிகழ்வுகள் ஒன்றும் உங்கள் ரெஃபைத் தொடாது. இரண்டாவது வந்ததும் அடையாளத்தை நீக்கி, தானே ஓர் இன்புட் நிகழ்வை எழுப்புகிறது. அப்போதுதான் முழுச் சொல்லும் ஒரே வீச்சில் ரெஃபுக்குள் வருகிறது.

இந்த ஏற்பாடு முதன்மையாகச் சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளை எண்ணிச் செய்யப்பட்டது; வியூவின் ஆவணமும் அம்மூன்றையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. அம்மொழிகளில் ஒரு சொல் உருவாகி முடியும் வரை பெட்டியில் இருப்பது அரைகுறை எழுத்து. பயனர் தேர்ந்தெடுத்த பிறகே அது உண்மையான உள்ளீடாகிறது. ஆனால் கம்போசிஷன் நிகழ்வுகளை எழுப்புவது விசைப்பலகையின் வேலையே தவிர, மொழியின் வேலையன்று. இன்ஸ்கிரிப்டில் ஒரு விசைக்கு ஒரு குறியீடு நேரே வந்துவிடுவதால் அங்கே கம்போசிஷன் நேர்வதில்லை. கைப்பேசியில் இருக்கும் விசைப்பலகையோ, அடுத்த சொல்லை ஊகிப்பதற்காகவும் பிழை திருத்துவதற்காகவும், நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும் சொல்லை முடிவுறாத சொல்லாகவே வைத்திருக்கிறது. அந்தச் சொல்லின் கீழே தெரியும் மெல்லிய கோடு அதன் அறிகுறி. பரிந்துரைகள் இயங்கும் நிலையில் அதே கைப்பேசியில் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயும் இடைவெளி விசை வரை பட்டியல் அசையாது. மடிக்கணினியில் மட்டும் சோதிப்பவர்களின் கண்ணில் இது படாமல் போவதற்கும் இதுவே காரணம்.

நான் பரிந்துரைக்கும் வழி: வி-மாடலை எடுத்துவிட வேண்டாம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதே பெட்டியில் இன்புட் நிகழ்வுக்கு ஒரு கையாளியையும் எழுதி, அதில் நிகழ்வின் டார்கெட்டில் உள்ள வேல்யூவை உங்கள் ரெஃபுக்குக் கொடுத்துவிடுங்கள். கம்போசிஷன் நடக்கும்போது வி-மாடல் வாளாவிருக்கும். உங்கள் கையாளி ரெஃபைப் புதுப்பிக்கும். இதனால் திரை மீண்டும் வரையப்பட்டாலும், கம்போசிங் அடையாளம் இருக்கும் வரை அந்த டைரக்டிவ் பெட்டியின் மதிப்பை மேலெழுதாமல் விலகிக்கொள்ளும். வி-மாடலை நீக்கிவிட்டு வேல்யூவை மட்டும் பிணைத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் உறுப்பினர் பெயர்ப் பெட்டி இதுவரை சிக்கல் தராததற்குக் காரணம், வந்த மதிப்பை மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதே. இருக்கும் மதிப்பும் வரும் மதிப்பும் ஒன்றாக இருந்தால் வியூ பெட்டியைத் தொடுவதில்லை. நாளை யாராவது அந்த எமிட்டில் டிரிம் (ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்குவது) போன்ற ஒன்றைச் சேர்த்தால், தட்டிக்கொண்டிருக்கும் சொல் பாதியில் உடைந்து, எழுத்துகள் இரட்டிக்கவோ கர்சர் கடைசிக்கு ஓடவோ நேரிடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்போசிஷன் முடியும்போது வி-மாடல் எழுப்பும் அந்தக் கூடுதல் இன்புட் நிகழ்வு உங்கள் கையாளிக்கும் வரும். ரெஃபுக்கு மதிப்பைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் தீங்கில்லை. சர்வரைக் கேட்கும் வேலையைக் கையாளிக்குள்ளேயே எழுதியிருந்தால் ஒரே சொல்லுக்கு இரண்டு முறை கேட்பீர்கள். அந்த வேலையை ரெஃபின் மீது ஒரு வாட்சாக (மதிப்பு மாறும்போது இயங்கும் நிரலாக) எழுதினால், மதிப்பு மாறாதபோது அது இயங்காது.

மறுமொழி 2

இதைவிடச் சுருக்கமான ஒரு வழியும் இருக்கிறது. இன்புட் நிகழ்வின் கையாளியில், நிகழ்வின் டார்கெட்டில் உள்ள கம்போசிங் என்ற பண்பைப் பொய் என்று மாற்றிவிட்டால் போதும். வி-மாடல் தன் அடையாளத்தைக் காணாமல், ஒவ்வோர் எழுத்தையும் உடனே ஏற்றுக்கொள்ளும். ஒரே வரியில் முடிந்துவிடும். ரெஃபுக்கு இரண்டு இடங்களிலிருந்து எழுத வேண்டியதும் இல்லை. பல திட்டங்களில் இதைப் பயன்படுத்துவதைக் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 3

மேலே கூறப்பட்ட ஒரு வரி வழியை நான் ஏற்கவில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்போசிங் பண்பு வியூ தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்துக்கொண்டது. ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அடுத்த பதிப்பில் அதன் பெயர் மாறினாலும் யாரையும் கேட்க முடியாது. மேலும், வியூ 3-இல் டைரக்டிவின் கையாளி உங்கள் கையாளிக்கு முன்பே பதிவாகிவிடுவதால், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் தவறிப்போய், இரண்டாம் எழுத்து வரும்போதுதான் சேர்ந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுமொழி 1-இல் விளக்கப்பட்ட பாதுகாப்பு அந்த அடையாளத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதை அழித்துவிட்டால் பாதுகாப்பும் போய்விடும்.

இந்தச் சிக்கல் வியூவுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனெனில் "வேறு ஃபிரேம்வொர்க்குக்கு மாறிவிடுங்கள்" என்ற அறிவுரை இத்தகைய கேள்விகளுக்கு அடிக்கடி வருகிறது. ஆங்குலர் என்ற மற்றொரு ஃபிரேம்வொர்க்கின் உள்ளீட்டுப் பிணைப்பிலும் கம்போசிஷன் முடியும் வரை காத்திருக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டில் அந்நிகழ்வுகள் வேறு விதமாக வருவதை அறிந்து, அங்கே மட்டும் காத்திருக்காமல் விட்டுவிடுகிறது. வேண்டுமானால் அதை மாற்றிக்கொள்ளக் கம்போசிஷன் பஃபர் மோட் என்ற டோக்கனையும் தருகிறது. இவற்றைப் போன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் காத்திருப்பதே இல்லை. அதன் ஆன்சேஞ்ச் என்ற கையாளி ஒவ்வோர் இன்புட் நிகழ்வுக்கும் இயங்கும். அதனால் ரியாக்டில் பட்டியல் உடனே சுருங்கும், உண்மைதான். ஆனால் ஆன்சேஞ்சுக்குள் மதிப்பைத் திருத்தி ஸ்டேட்டில் (ரியாக்டின் தரவில்) வைத்தால், பாதியில் இருக்கும் சொல் உடைவதும் ரியாக்டில்தான் முதலில் நேரும். மூன்றும் ஒரே கேள்விக்கு மூன்று விதமாக விடை சொல்கின்றன: பயனர் இன்னும் முடிக்காத சொல்லைத் தரவாகக் கொள்ளலாமா?

தமிழைப் பொறுத்தவரை இதற்கு என் விடை: கொள்ளலாம், ஆனால் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒலிப்பு முறையில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழைத் தட்டுபவர்களை எண்ணிப் பாருங்கள். "புதுமை" என்ற சொல் அவர்களுடைய பெட்டியில் "ப்", "பு", "புட்", "புத்", "புது" என்று பல உருவங்களைக் கடந்து வருகிறது. "புட்" என்ற இடைநிலையில் உங்கள் பட்டியல் முற்றிலும் காலியாகி, "புத்தகம் எதுவும் கிடைக்கவில்லை" என்று ஒரு கணம் காட்டிவிட்டு மறுபடி நிரம்பும். "புத்" என்ற நிலையிலும், "புத்தகம்" என்று தொடங்கும் தலைப்புகள் கிடைக்கும். ஆனால் "புதுமை" கிடைக்காது, ஏனெனில் அங்கே தகரத்தை அடுத்துப் புள்ளி இல்லை, உகரக் குறி இருக்கிறது. சில விசைப்பலகைகள் சொல் முடியும் வரை பெட்டியில் ஆங்கில எழுத்துகளையே வைத்திருப்பதும் உண்டு. அப்போது உடனடித் தேடலால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே மறுமொழி 1-இன் வழியோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டடில் தேடு சொல்லின் கடைசிக் குறியீடு புள்ளியாக இருந்தால், ஒப்பிடுவதற்கு மட்டும் அதை நீக்கிவிடுங்கள். அப்போது "புத்" என்பது "புத" ஆகி, "புதுமை", "புத்தகம்" இரண்டையும் பிடிக்கும். அடுத்து, "கிடைக்கவில்லை" என்ற செய்தியைக் கம்போசிஷன் நடக்கும் வேளையில் காட்டாதீர்கள். அதுவரை முந்தைய பட்டியலே இருக்கட்டும். இன்புட் நிகழ்வில் வரும் ஈஸ்கம்போசிங் என்ற பண்பு உண்மையா பொய்யா என்று பார்த்து ஒரு தனி ரெஃபில் குறித்துக்கொண்டால் இது எளிது. சர்வரில் தேடுவதாக இருந்தால் 250 அல்லது 300 மில்லிவினாடி டிபவுன்சும் (தட்டுவது நின்ற பிறகே கேட்கும் தாமதமும்) வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. வி-மாடலை வைத்துக்கொண்டு இன்புட் கையாளியைச் சேர்த்த பிறகு, கைப்பேசியில் பட்டியல் உடனுக்குடன் மாறுகிறது. கடைசிப் புள்ளியை நீக்கும் யோசனை இவ்வளவு பயன் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது வேறு இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன. "கொங்கு" என்று தேடினால் அச்சொல் தலைப்பில் உள்ள புத்தகங்களில் சில வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு எல்லாத் தலைப்புகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பட்டியலின் ஒரு பகுதி பழைய எக்செல் கோப்பிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. அடுத்து, புத்தகம் சேர்க்கும் படிவத்தில் விலைக்கும் உறுப்பினர் எண்ணுக்கும் வி-மாடலோடு, மதிப்பை எண்ணாக்கும் நம்பர் மாடிஃபையரைப் போட்டிருக்கிறேன். நூலகர் 1,250 என்று தட்டிச் சேமித்த ஒரு புத்தகத்தின் விலை 1 என்று பதிவாகியிருக்கிறது. இவற்றுக்கும் கம்போசிஷனுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1 எழுதியவர்

தொடர்பு இல்லை, இரண்டும் தனித்தனிச் செய்திகள். இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். நம்பர் மாடிஃபையர் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட்டைத்தான் பயன்படுத்துகிறது. பார்ஸ்ஃப்ளோட், எண்ணாகப் புரிந்துகொள்ள முடிந்த வரை படித்துவிட்டு, புரியாத குறி வந்ததும் நின்றுவிடும். பிழை எதையும் எழுப்பாது. 1,250 என்பதில் காற்புள்ளியில் நின்றுவிட்டதால் 1 கிடைத்தது. 1,50,000 என்று தட்டினாலும் 1-தான் கிடைக்கும். "௧௨௫௦" என்று தமிழ் எண்களில் தட்டினால் முதல் குறியையே எண்ணாக ஏற்காமல், சரத்தை அப்படியே திருப்பிவிடும். பெட்டி வெறுமையாக இருந்தாலும் வெற்றுச் சரமே வரும். ஆகவே நம்பர் மாடிஃபையரைப் போட்டிருப்பதால் ரெஃபில் எப்போதும் எண்தான் இருக்கும் என்று நம்பிக் கூட்டல் கழித்தல் எழுத முடியாது. விலையைச் சரமாகவே பெற்று, காற்புள்ளிகளை நீக்கி, இலக்கங்கள் மட்டுமே எஞ்சுகின்றனவா என்று சரிபார்த்து, சேமிக்கும் இடத்தில் எண்ணாக்குங்கள். உறுப்பினர் எண்ணுக்கு அந்த மாடிஃபையர் வேண்டவே வேண்டாம். 0047 என்பது 47 ஆகிவிடும். அதன் மீது யாரும் கணக்குப் போடப்போவதில்லை என்பதால் அது சரமாகவே இருக்க வேண்டும்.

"கொங்கு" பற்றிய சிக்கல் யூனிகோடு சார்ந்தது. ஒகர உயிர்மெய்க்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தை அடுத்து ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீடாக, அல்லது எகரக் குறி, அதன் பின் கால் என்று இரண்டு குறியீடுகளாக. திரையில் இரண்டும் "கொ" என்றே தெரியும். சரங்களை ஒப்பிடும்போது இரண்டும் வேறு. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான். உங்கள் பழைய கோப்பில் இரண்டு குறியீட்டு வடிவம் கலந்திருக்கக் கூடும். ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் என்ற செயற்கூறு என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றும்போது இவை ஒன்றாகிவிடும். தலைப்புகளை ஒரு முறை மாற்றித் தரவுத்தளத்திலேயே சேமித்துவிடுங்கள். தேடு சொல்லை மாற்றும் இடம் கம்ப்யூட்டட். இன்புட் கையாளியில் மாற்ற வேண்டாம். ரெஃபில் இருப்பது பயனர் தட்டியது தட்டியபடியே இருக்கட்டும். அதைத் திருத்தி ரெஃபில் வைத்தால், திருத்தம் பெட்டிக்குத் திரும்பிப் போய், பயனரின் விரல் இன்னும் விசையில் இருக்கும்போதே எழுத்தை மாற்றிவிடும்.

நார்மலைஸ் தீர்க்காத இரண்டு வகைகளும் தமிழில் உண்டு. ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரம் போலவே தெரிவதால், எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "கௌ" போலத் தோன்றச் செய்திருப்பார்கள். யூனிகோடுக்கு அது வேறு எழுத்து. "ஸ்ரீ" என்பதும் ஸகரத்தைக் கொண்டு ஒரு விதமாகவும், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு மற்றொரு விதமாகவும் தட்டப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தெரியும். ஸ்ரீயை ஒப்பிடும் முன் ஏதேனும் ஒரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வரி ஒன்றைக் கம்ப்யூட்டடில் சேருங்கள். ளகரப் பிழையை இயந்திரத்தால் திருத்துவது ஆபத்து, ஏனெனில் "தெளிவு" போன்ற சரியான சொற்களிலும் எகரக் குறியுள்ள எழுத்தை அடுத்து ளகரம் வருகிறது. அவற்றைக் கையால் பார்த்துத் திருத்துவதே நல்லது.

படிவத்தில் தலைப்புக்கு மேக்ஸ்லெங்த் (நீள வரம்பு) வைத்திருந்தால் அதையும் ஒரு முறை பாருங்கள். அது யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் அலகுகளை எண்ணுகிறது. "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து. ஆங்கிலத் தலைப்பை மனத்தில் வைத்து இட்ட வரம்பு, தமிழ்த் தலைப்பைப் பாதியில் நிறுத்திவிடும்.

மறுமொழி 3 எழுதியவர்

ஒன்றைச் சேர்க்கிறேன். தேடல் பெட்டியில் என்டர் விசையை, விசை அழுத்தப்படும்போது வரும் கீடவுன் நிகழ்வில் கவனித்து முதல் புத்தகத்தைத் திறக்கும் வசதி வைத்திருந்தால், அங்கேயும் ஈஸ்கம்போசிங் உண்மையாக இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட சொல்லை ஏற்பதற்காகவும் பலர் என்டரைத் தட்டுகிறார்கள். சஃபாரியில் கம்போசிஷன்எண்ட் முன்பாகவே வந்துவிடுவதால் அந்தப் பண்பு அப்போது பொய்யாக இருக்கும். அங்கே விசையின் எண்ணைத் தரும் கீகோட் என்ற பண்பு 229-ஆக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீகோட் வழக்கொழிந்தது என்று எடிட்டர் கோடிட்டுக் காட்டினாலும், இந்த ஓரிடத்தில் அதை விட்டுவிட முடியாது.